வீட்டுப் பட்டறைக்கு எந்த மில்லிங் மெஷின்?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் அலுவலக வேலையில் இருப்பவன். இரண்டு வருடமாக வாடகை வீட்டின் பின்னறையில் ஒரு சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) வைத்து, விடுமுறை நாட்களில் மாடல் நீராவி எஞ்சின், சைக்கிள் உதிரிபாகம் என்று ஏதாவது செய்துகொண்டிருக்கிறேன். ஒன்பது வயது மகளும் கூடவே நின்று பார்ப்பாள். செய்யும் பாகங்களில் பெரியதே 150 மி.மீ. நீளம்தான், பெரும்பாலும் அலுமினியம், பித்தளை, கொஞ்சம் எம்.எஸ். (சாதாரண மென் எஃகு). இப்போது, சுற்றும் கட்டரால் உலோகத்தைச் சீவும் மில்லிங் மெஷின் வாங்க ஆசை. மூன்று கண்ணில் பட்டிருக்கின்றன. முதலாவது, மேஜைமேல் வைக்கும் புதிய மெஷின்; 55 கிலோ, 350 வாட் மோட்டார். ஒதுக்கிய பணத்தில் பாதி ஆகும். இரண்டாவது, உருண்டைத் தூண் வைத்த பழைய மில்-டிரில், அதாவது மில்லிங்கும் துளையிடலும் செய்யும் மெஷின். 200 கிலோவுக்கு மேல். பணம் ஏறக்குறைய முழுதும் போய்விடும். மூன்றாவது, மூடப்போகும் ஒரு தொழிற்கூடத்தில் நிற்கும் ஒரு டன் எடையுள்ள பெரிய மெஷின். பழைய இரும்பு விலைக்கே தருகிறார்கள். மூன்றிலும் இதுதான் மலிவு! எதை வாங்கலாம்? அல்லது என்னிடம் இருக்கும் டிரில்லிங் மெஷினில் கிராஸ் வைஸ் (இரு திசையிலும் நகரும் வைஸ்) மாட்டிச் சமாளிக்க முடியுமா? அறை 3 மீட்டருக்கு 2.5 மீட்டர், வாசல் 75 செ.மீ., சிங்கிள் பேஸ் மின்சாரம்.

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில்தான் கை போகிற ஆபத்து இருக்கிறது. டிரில்லிங் மெஷினில் கிராஸ் வைஸ் மாட்டி மில்லிங் செய்ய வேண்டாம், மெல்லிய வெட்டு என்றாலும் வேண்டாம். டிரில்லிங் மெஷின் மேலிருந்து கீழே அழுத்துவதற்கென்று செய்தது. அதன் பேரிங்குகள் அந்தத் திசை பாரத்தைத்தான் தாங்கும். டிரில் பிட்டைப் பிடிக்கும் சக், ஒரு டேப்பரில் (கூம்பு வடிவப் பொருத்தில்) உராய்வால் மட்டுமே நிற்கிறது. மேலே இழுத்துப் பிடிக்க டிரா பார் என்ற நீண்ட போல்ட் கிடையாது. எண்ட் மில்லை (பக்கவாட்டிலும் வெட்டும் கட்டரை) மாட்டிப் பக்கவாட்டில் ஓட்டும்போது ஒவ்வொரு பல்லும் ஜாபில், அதாவது வெட்டப்படும் துண்டில், இடிக்கும். இடிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த டேப்பருக்கு ஒரு தட்டு விழும். தட்டித் தட்டியே அது கழன்றுவிடும்.

வேலை பழகிய முதல் வருடத்தில் நானே அதைச் செய்தேன். ஒரு அலுமினியத் துண்டு, 10 மி.மீ. எண்ட் மில். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று சக் கட்டரோடு கழன்று, சுற்றியபடியே வைஸ்மேல் விழுந்து, எகிறிச் சுவரில் மோதியது. வைஸைப் பிடித்திருந்த இடது கையை அரை நிமிடம் முன்புதான் எடுத்திருந்தேன். மேஸ்திரி வந்து மெஷினை நிறுத்தினார், திட்டவில்லை. கழன்ற சக்கைத் திருப்பி அதன் டேப்பர் குழியை எனக்குக் காட்டினார். உள்ளே ஓரமாக ஒரு வளையம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது, மீதி இடமெல்லாம் மங்கல். அதாவது அது ரொம்ப நேரமாகவே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது, என் காதுக்குத்தான் எட்டவில்லை. அந்த வளையம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அவசரமாக ஒரு கீவேயோ (சாவிப் பள்ளம்) ஸ்லாட்டோ (நீள்பள்ளம்) போட வேண்டுமென்றால் உங்களிடம் லேத் இருக்கிறதே. அதன் கிராஸ் ஸ்லைடில் செங்குத்து ஸ்லைடு ஒன்றை மாட்டி, கட்டரை லேத் ஸ்பிண்டிலில் (சுற்றும் தண்டில்) டிரா பார் போட்ட கோலெட்டில் (தண்டை இறுக்கிப் பிடிக்கும் பிளவுபட்ட குழலில்) பிடித்தால் சின்ன வேலைகள் நடக்கும். மெதுவான வேலைதான், ஆனால் பாதுகாப்பானது. மெஷின் வாங்க அவசரப்படாமல் இருப்பதற்கும் அது உதவும்.

சரி, மூன்று மெஷின்களுக்கு வருவோம்.

ஒரு டன் மெஷின் என்றதும் என் மனசு அதன் பக்கம்தான் போகிறது, அதை ஒளிக்க விரும்பவில்லை. 1938ல் பிரிட்ஜ்போர்ட் என்ற அமெரிக்க மெஷின் வந்ததிலிருந்து உலகம் முழுக்க டூல்ரூம்களில் இந்த வடிவம்தான்: டேபிள் ஏறி இறங்கும், தலை சாயும், கை நீளும். இன்று சின்ன மெஷின்களில் காணும் ஆர்8 என்ற ஸ்பிண்டில் டேப்பரே அங்கிருந்து வந்ததுதான். நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் உங்கள் ஆயுசுக்குப் போதும், மகள் கையிலும் ஓடும்.

ஆனால் பழைய இரும்பு விலைக்கு ஏன் தருகிறார்கள்? அதை அங்கிருந்து கிளப்பும் செலவும் பொறுப்பும் உங்கள் தலையில் விழுகிறது என்பதால்தான். கிரேன், வண்டி, உருளைக் குழாய்கள், நாலு அனுபவசாலிகள் என்று கூட்டிப் பார்த்தால், மெஷின் விலையைத் தூக்குக்கூலி தாண்டிவிடுவது சகஜம். தலை கனமான மெஷின் இது. தெரியாதவர்கள் நகர்த்தினால் கவிழும். இதன் டேபிள் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு மேல் நீளம். டேபிள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும்போது அடைக்கும் இடம், டேபிள் நீளமும் ஓட்டத்தின் நீளமும் சேர்ந்தது. அது இரண்டு மீட்டரை நெருங்கும். 2.5 மீட்டர் அகல அறையில், லேத்துக்குப் பக்கத்தில், நீங்கள் எங்கே நிற்பீர்கள்?

மின்சாரமும் பார்க்க வேண்டும். அதில் இருப்பது த்ரீ பேஸ் மோட்டாராகத்தான் இருக்கும். சிங்கிள் பேஸிலிருந்து ஓட்ட வி.எஃப்.டி. என்கிற டிரைவ் போதும். வேகத்தையும் ஒரு குமிழைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மோட்டார் தகட்டில் இரண்டு வோல்டேஜ் எழுதியிருந்து, அதில் குறைந்தது உங்கள் வீட்டு வோல்டேஜாக இருந்தால்தான் இது சுலபம். உயர்ந்த வோல்டேஜ் மட்டும் எழுதியிருந்தால் மோட்டாரையே மாற்றும் வேலையாகிவிடும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். சமாளிக்க முடியாதது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரே வார்த்தை: வாடகை வீடு. வீடு மாறும் ஒவ்வொரு தடவையும் இந்த ஒரு டன்னும் கூட வரும். சொந்த இடமும் அகல வாசலும் இருந்திருந்தால் நேரே போய் அதை வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல மாட்டேன்.

மீதி இரண்டைப் பார்ப்பதற்கு முன் எடை ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரங்கள் வாட் கணக்கைத்தான் பெரிதாகப் போடும். லேத்தில் டூல் ஒரு தடவை ஜாபைப் பிடித்தால் தொடர்ந்து சீவிக்கொண்டே போகும். மில்லிங்கில் ஒவ்வொரு பல்லும் வந்து அடித்து, வெட்டி, விலகும். நாலு பல் கட்டர் 800 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 3200 அடி. இந்த அடியை விழுங்குவது வார்ப்பிரும்பின் கனம்தான். கனம் இல்லையென்றால் தூண் அதிரும், தலை அதிரும், ஜாபின் மேற்பரப்பு மீன் செதில் மாதிரி வரும், கட்டரின் முனை உதிரும். மோட்டார் பெரிதாக இருந்தாலும் பயன் கிடையாது, அந்தச் சக்தியைத் தாங்க உடம்பு வேண்டுமே.

55 கிலோ மெஷினில் எம்.எஸ்.ஸில் 10 மி.மீ. அகல ஸ்லாட் போட்டால், ஒரு தடவைக்கு அரை மில்லி ஆழம்தான் நிம்மதியாகப் போகும். 200 கிலோ மெஷினில் ஒன்றரை, இரண்டு மில்லி எடுக்கலாம். 5 மி.மீ. ஆழ ஸ்லாட்டுக்கு அங்கே பத்து ஓட்டம், இங்கே மூன்று நாலு. இரண்டிலும் வேலை முடியும். அலுமினியத்திலும் பித்தளையிலும் வித்தியாசம் இன்னும் குறைவு. ஆகவே சின்ன மெஷின் விளையாட்டுப் பொருள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறுமையாக ஓட்டத் தெரிந்தவர்கள் அதில் அழகான எஞ்சின்கள் செய்கிறார்கள்.

சின்ன மெஷினில் என்னை உறுத்துவது உயரம். ஸ்பிண்டில் முகத்திலிருந்து டேபிள் வரை அதிகபட்சம் எவ்வளவு என்று விவரத்தாளில் பாருங்கள். இந்த அளவு மெஷின்களில் சுமார் 280 மி.மீ. இருக்கும். தாராளமாகத்தான் தெரியும். இப்போது ஒரு சாதாரண வேலையை அடுக்கிப் பாருங்கள். சின்ன வைஸ், ஜாப் உட்காரும் மட்டம் வரை 50. அதன்மேல் 40 மி.மீ. உயர ஜாப். மேலிருந்து டிரில் சக்கும் அதைத் தாங்கும் தண்டான ஆர்பரும் வெளியே தொங்குவது 100. சக்கிலிருந்து நீட்டியிருக்கும் 10 மி.மீ. டிரில் பிட் 90. கூட்டினால் 280. டிரில் முனை ஜாபைத் தொட்டுக்கொண்டு நிற்கும், மாட்டவோ கழற்றவோ ஒரு மில்லிகூட மிச்சம் இல்லை. குட்டையான ஸ்டப் டிரில் வாங்கி, அதையும் சக்கில் இல்லாமல் கோலெட்டில் பிடித்தால் இடம் கிடைக்கும். உங்கள் எஞ்சின் பிளாக்கின் உயரத்தை வைத்து இந்தக் கூட்டலை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். டேபிள் அளவைவிட இதுதான் பலரைப் பின்னால் வருத்துகிறது.

சின்ன மெஷினே வாங்குவதென்றால் இன்னும் இரண்டு விஷயம். தூண் பக்கவாட்டில் சாயும் மாடலில், அந்தத் தூணைப் பின்னால் ஒரே ஒரு பெரிய நட்தான் பிடித்திருக்கும். அதிர்வு அங்கேதான் ஆரம்பிக்கும். சாயாத தூண் வாங்குங்கள், சாய்ந்த முகம் வேண்டுமென்றால் ஜாபைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளலாம். அப்புறம், ஸ்பிண்டிலை ஓட்டுவது பிளாஸ்டிக் கியரா பெல்ட்டா என்று கேளுங்கள். கட்டர் சிக்கினால் பிளாஸ்டிக் கியர் பல் போகும். பெல்ட் வழுக்கும், அவ்வளவுதான், சத்தமும் குறைவு.

உருண்டைத் தூண் மெஷினுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு, எல்லோரும் அதைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். தலையை மேலே கீழே நகர்த்த கிளாம்ப்பைத் தளர்த்தினால், தலை தூணைச் சுற்றியும் திரும்பிவிடும். அப்புறம் கட்டர் முன்பு நின்ற அதே புள்ளிக்கு மேல் நிற்காது. ஜாபின் ஓரத்தைக் கண்டுபிடிக்கும் எட்ஜ் பைண்டர் வைத்து முதலிலிருந்து இடம் பிடிக்க வேண்டும். சதுரத் தூணில், அதாவது டவ்டெய்ல் என்ற புறாவால் வடிவத் தடத்தில் தலை ஏறி இறங்கும் மெஷினில், இந்தத் தொல்லை இல்லை.

உண்மையான குறைதான். ஆனால் உங்கள் வேலை அளவுக்கு அது வாழ்ந்துவிடக்கூடிய குறை. டிரில்லிங் மெஷினில் ஸ்பிண்டிலோடு சேர்ந்து இறங்கும் குழல் இருக்கிறதே, அதே குவில் இதிலும் உண்டு. 120, 130 மி.மீ. இறங்கும். ஒரு ஜாபைப் பிடித்ததும் தலையை ஒரு நல்ல உயரத்தில் வைத்து இறுக்கிவிடுங்கள், ஜாப் முடியும் வரை தொடாதீர்கள். எண்ட் மில், ஸ்டப் டிரில், ரீமர் எல்லாவற்றையும் ஒரே கோலெட் சக்கில் மாற்றி மாற்றிப் பிடித்தால் நீள வித்தியாசத்தைக் குவில் பார்த்துக்கொள்ளும். நீண்ட டிரிலும் டிரில் சக்கும்தான் தலையை நகர்த்த வைக்கும். ஆகவே துளை போடும் வரிசையை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

அதற்குப் பதிலாகக் கிடைப்பது கனமும், மெதுவான வேகத்தில் வலுவும். 60 மி.மீ. வட்டத்தில் ஒரே ஒரு டூல் சுற்றும் ஃப்ளை கட்டரால் எம்.எஸ். முகத்தைச் சீவ வேண்டும் என்று வையுங்கள். எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூலுக்கு வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர். 25ஐ ஆயிரத்தால் பெருக்கி, 3.14 × 60 ஆல் வகுத்தால் சுமார் 130 சுற்று. பெல்ட்டும் புல்லியும் வைத்த மில்-டிரில் அந்த வேகத்தில் அசராமல் இழுக்கும். எலக்ட்ரானிக் முறையில் மட்டும் வேகம் குறைக்கும் சின்ன மோட்டார் 130 சுற்றில் திணறும். அதே கணக்கை 10 மி.மீ. எண்ட் மில்லுக்குப் போட்டால் எம்.எஸ்.ஸில் 800, அலுமினியத்தில் நிமிடத்துக்கு 80 மீட்டர் வைத்தால் 2500. இரண்டு மெஷினும் இதைச் செய்துவிடும்.

ஆக, என் தீர்ப்பு: பழைய மில்-டிரிலைப் போய்ப் பாருங்கள். கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால், வைஸும் கோலெட்டுகளும் சேர்த்துத் தருகிறார் என்றால், அதை வாங்குங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் புதிய சின்ன மெஷினை வாங்குங்கள், வருத்தப்படாமல் வாங்குங்கள்.

வைஸையும் கோலெட்டையும் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முழுப் பணத்தையும் மெஷினில் போட்டுவிட்டு மூன்று மாதம் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தவன் நான். வீட்டில் நான் வைத்த முதல் மெஷின் அது. தினமும் மாலையில் வந்து ஹேண்டிலைச் சுற்றிப் பார்ப்பேன். டேபிள் வழவழவென்று ஓடும், ஆனால் ஜாபைப் பிடிக்க வைஸ் கிடையாது, கட்டரைப் பிடிக்கக் கோலெட் கிடையாது. லேத் வாங்கினால் சக்கும் ஒன்றிரண்டு டூலும் வரும், அன்றே வேலை ஆரம்பிக்கலாம். மில்லிங் மெஷின் அப்படி இல்லை. கூடவே வாங்க வேண்டியவை மெஷின் விலையைத் தொட்டுவிடும். அதனால்தான் முழுப் பணத்தையும் கேட்கும் பழைய மெஷினுக்கு அந்த நிபந்தனை வைத்தேன். கேட்டுப் பாருங்கள்; மெஷினை விற்பவருக்குப் பெட்டியில் கிடக்கும் கட்டர்களால் இனி என்ன பயன்? பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

இப்போது சோதனை. மேக்னெட் ஸ்டாண்டோடு ஒரு லீவர் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி), டார்ச், ஆலன் கீ செட், சுத்தமான துணி, ஒரு எம்.எஸ். துண்டு, உங்கள் சொந்தக் கட்டர் ஒன்று. இவை இல்லாமல் போகாதீர்கள்.

முதலில் ஹேண்டில். டேபிளை நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். டேபிளின் இரண்டு முனைகளையும் இரண்டு கையால் பிடித்து, முன்னும் பின்னும் திருகுவது போல ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், டேபிளின் தளர்ச்சியைச் சரிசெய்யும் ஜிப் திருகுகளை ஆட்டம் போகிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பிறகு ஹேண்டிலை விரல் நுனிகளால் மட்டும் பிடித்து மெதுவாக ஒரு கோடி வரை சுற்றுங்கள். நடுவில் வெண்ணெயாக ஓடும் டேபிள் கோடிக்குப் போகப்போக கனக்கிறதா? கடைசி நாலைந்து சுற்றில் விரல் நுனி போதாமல் உள்ளங்கை தேவைப்படுகிறதா? அப்படியென்றால் வழிகள், அதாவது டேபிள் வழுக்கி ஓடும் தடங்கள், நடுவில் தேய்ந்திருக்கின்றன. வருடக்கணக்காக எல்லா வேலையும் நடுவிலேயே நடந்ததால் வந்த தேய்மானம் அது. லேசாக இருந்தால் பரவாயில்லை, உங்கள் ஜாபும் நடுவில்தான் இருக்கப் போகிறது. கோடியில் சிக்கிக்கொண்டு நகரவே மறுத்தால் விட்டுவிடுங்கள். வழிகளைச் சீவிச் சரிசெய்வது வீட்டு வேலை கிடையாது.

ஹேண்டிலைத் திருப்பிச் சுற்றும்போது டேபிள் நகராமல் டயல் எத்தனை கோடு வெறுமனே ஓடுகிறது என்று பாருங்கள். அதுதான் பேக்லாஷ். 0.1, 0.2 மி.மீ. எந்த மெஷினிலும் இருக்கும். அரை மில்லி தாண்டினால் நட் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றிவிடலாம், விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணம். பேக்லாஷ் உள்ள மெஷினில், கட்டர் பல் எந்தத் திசையில் ஜாபை இழுக்கிறதோ அதே திசையில் டேபிளை ஓட்டக் கூடாது. கட்டர் டேபிளைத் தன் பக்கம் விருட்டென்று இழுத்துக்கொள்ளும், பல் முறியும். எதிர்த்து ஓட்டுங்கள்.

அடுத்தது ஸ்பிண்டில், உயிர் அங்கேதான் இருக்கிறது. உள் டேப்பரைத் துணியால் துடைத்து, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுச் சுற்றித் தடவுங்கள். கோலெட் வழுக்கிச் சுற்றிய மெஷினில் வரி வரியாகக் கீறல் விரலில் படும். டயல் கேஜின் முனையை டேப்பரின் உள்முகத்தில் வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முள் 0.01 மி.மீ. ஆடினால் அருமை, 0.03 வரை இந்த வகை மெஷினில் ஏற்றுக்கொள்ளலாம். பிறகு குவிலை 50 மி.மீ. இறக்கி அதன் பக்கத்தில் டயலை வைத்து, கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். குவில் ஆட்டம் அதிகம் என்றால், லாக்கைப் போட்டதும் அது நிற்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அதிக வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். விற்பவர் பொறுமை இழந்தாலும் ஓடவிடுங்கள். மெஷினை நிறுத்திவிட்டு ஸ்பிண்டில் பேரிங் இருக்கும் இடத்தில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கை மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். கரகரப்பு, குறிப்பிட்ட தாளத்தில் வரும் கடகடப்பு, இரண்டும் நல்ல அறிகுறி இல்லை.

கடைசியாக உங்கள் கட்டரால் உங்கள் எம்.எஸ். துண்டில் ஒரு மில்லி ஆழம் வெட்டிப் பாருங்கள். டேபிளில் டிரில் பட்ட குழிகள், உரிந்த பெயின்ட், உடைந்த கைப்பிடிக் குமிழ் இவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவை விலை குறைக்கத்தான். டேப்பர் ஆர்8ஆ எம்டி3ஆ (மோர்ஸ் டேப்பர் 3) என்று கேளுங்கள். இந்த மெஷின்கள் இரண்டிலும் வந்தன. எம்டி3 இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும், ஒவ்வொரு தடவையும் டிரா பாரைத் தட்டித்தான் கழற்ற வேண்டும். அதனால் அதில் ஒரு கோலெட் சக்கை மாட்டிவிட்டுக் கழற்றாமலே வேலை செய்வது பேரிங்குக்கு நல்லது. ஆர்8 லேசான தட்டிலேயே விட்டுவிடும். டிரா பார் கூட இருக்கிறதா என்பதையும் மறக்காதீர்கள், பழைய மெஷின்களில் தொலைந்துபோகும் முதல் சாமான் அதுதான்.

200 கிலோவை எப்படிக் கொண்டுவருவது என்று மலைக்க வேண்டாம். தலை, தூண், டேபிளோடு சேர்ந்த அடிப்பாகம் என்று பிரிக்கலாம். தலைதான் கனம், தூக்கியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், தோளை நம்பாதீர்கள். திரும்பப் பூட்டியதும் ட்ராம் பார்க்க வேண்டும், அதாவது ஸ்பிண்டில் டேபிளுக்கு நேர் செங்குத்தாக இருக்கிறதா என்று. டயலை ஸ்பிண்டிலில் வளைந்த கம்பியால் பிடித்து, 150 மி.மீ. வட்டத்தில் டேபிளைச் சுற்றித் தடவ விடுங்கள். இடது வலது வித்தியாசமும் முன் பின் வித்தியாசமும் 0.02க்குள் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். இந்த மெஷினில் தலையைச் சாய்த்துச் சரிசெய்ய வழி இல்லை. தூணின் அடி போல்ட்டுகளைத் தளர்த்தி, மெல்லிய ஷிம் தகடு வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் முழுக்க ஆகும். அலுத்துக்கொள்ளாமல் செய்யுங்கள், அதன் பிறகு நீங்கள் சீவும் ஒவ்வொரு முகமும் அந்த ஒரு நாளைச் சொல்லும்.

எந்த மெஷின் வாங்கினாலும், வைஸுக்கு மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். இறுக்கும்போது அசையும் தாடை ஜாபை மேலே தூக்கிவிடும் மலிவு வைஸில் எந்த மெஷினும் சதுரமாக வெட்டாது. கோலெட் சக்கில் ஈஆர்25 என்ற அளவு சின்ன மெஷினுக்குப் போதும், பெரியதற்கு ஈஆர்32. முழு செட் வேண்டாம், உங்கள் கட்டர்களின் தண்டு அளவு மட்டும் வாங்குங்கள். எண்ட் மில் 6, 10, 12 மூன்று அளவில், அலுமினியத்துக்கு இரண்டு பல், எம்.எஸ்.ஸுக்கு நாலு பல். ஜோடி ஜோடியாக வரும் பேரலல் செட் ஒன்று (ஜாபை வைஸில் உயர்த்தி வைக்கும் ஒரே உயரக் கட்டைகள்), கிளாம்ப் செட், எட்ஜ் பைண்டர். ஃப்ளை கட்டரின் உடம்பை உங்கள் லேத்திலேயே செய்துவிடலாம், லேத் டூல் பிட்டே அதில் உட்காரும். டேபிள் நகர்வைத் திரையில் காட்டும் டிஜிட்டல் ரீட்அவுட் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதல் ஆறு மாதம் ஹேண்டில் சுற்றுகளை எண்ணி, ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்திப் பழகுங்கள்.

உங்கள் மகளைப் பற்றி. கூட நிற்கட்டும், நல்ல பழக்கம். ஆனால் லேத்தில் சுருள் கீழே விழும். மில்லிங்கில் சூடான சில்லுகள் ஊசி மாதிரி நாலா பக்கமும் தெறிக்கும், அவள் கண் உயரத்துக்குத்தான் முதலில் வரும். அவள் அளவுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிவிடுங்கள். டேபிளைச் சுற்றி ஒளி ஊடுருவும் தடுப்பு ஒன்று வையுங்கள். தலைமுடியை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். கட்டர் சுற்றும்போது கையுறை போடாதீர்கள். சில்லைப் பிரஷ்ஷால் தள்ளுங்கள், அதுவும் மெஷினை நிறுத்திவிட்டு. டிரா பார் ஸ்பேனரைக் கழற்றாமல் சுவிட்சைத் தொடக் கூடாது என்பதை அவளுக்கும் சொல்லிக்கொடுத்து, தினமும் அவளையே சரிபார்க்க விடுங்கள். சிவப்பு நிறுத்து பட்டன் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், மெஷினுக்குப் பின்னால் இருக்கக் கூடாது.

மில்-டிரிலைப் பார்த்துவிட்டு வந்ததும் மூன்று எண்களை எனக்கு எழுதுங்கள்: ஸ்பிண்டில் டேப்பரில் டயல் ஆடியது எவ்வளவு, பேக்லாஷ் எத்தனை, கோடியில் டேபிள் இறுகுவதற்கு முன் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் எத்தனை மில்லி லேசாக ஓடியது. அதைப் பார்த்து என்ன விலை கேட்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.